பறவை நலம், மூஞ்சூறைக் காணவில்லை

அன்பும் மதிப்பும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனனின் பணிவான வணக்கம். தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் மட்டுப்பட்டிருக்கிறது, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, என் முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு. நல்ல செய்திகள் இத்துடன் முடிந்தன. இதற்கு மேல் வருவதை உட்கார்ந்து படியுங்கள். அக்கா பக்கத்தில் இருந்தால், ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், உங்கள் வீட்டில் எப்போது அழைத்தாலும் அக்காதான் எடுக்கிறாள். என் "ஹலோ"வை வைத்தே நான் என்ன தப்புச் செய்தேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். இதைக் கொண்டுவருபவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் டெய்லர். துணி எடுக்க உங்கள் ஊருக்கு வருகிறார். அவருக்கு எல்லாம் தெரியும். அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டால் நடித்தே காட்டிவிடுவார்.

விஷயம் இதுதான். உங்கள் சின்ன மகள் என்னை நம்பி விட்டுச் சென்ற மூஞ்சூறு காணாமல் போய்விட்டது. அது அழியும் ஆபத்தில் இருக்கும் வகை. அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் அதன் முதுகில்தான் நிற்கிறது. குற்றவாளி நான். ஆயுள் முழுக்க நிருபராக இருந்தவனுக்கு முதல் பத்தியிலேயே முழுச் செய்தியையும் போட்டு உடைப்பது பழக்கம். இந்த முறை முதல் பத்தியில் எழுதக் கை வரவில்லை. மூன்றாவதுக்குத் தள்ளிவிட்டேன், மன்னியுங்கள்.

போன வாரம் சின்னவள் இரண்டு பெட்டிகளுடன் வந்தாள். ஆய்வுக்கூடத்தில் கரையானுக்கு மருந்து அடிக்கிறார்களாம், அந்தக் காற்று சின்ன உயிர்களுக்கு ஆகாதாம். அவளோ மலைச்சரிவில் கணக்கெடுப்புக்குக் கிளம்பிவிட்டாள், அங்கே செல்போன் எடுக்காது. ஒன்று துணி போர்த்திய கூண்டு. அதில் விரல் நீளத்துக்கு ஒரு பாடும் பறவை. இன்னொன்று மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் மண்ணும் சருகும், சருகுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு நீள மூக்கும். கீழே டாக்ஸிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தார். அவள் படி இறங்கிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, ஒண்ணு சும்மா விருந்தாளி, உடம்பு தேறினதும் விட்டுடலாம். இன்னொண்ணு உலகத்துலயே இந்த ஒரு மலையிலதான் இருக்கு. அதை உயிர் மாதிரி பாத்துக்கோங்க. அதுக்குப் புழு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். விட்டா பசியிலேயே செத்துடும். மத்ததுக்குத் தினை. டப்பா ரெண்டும் மேசை மேல இருக்கு."

"சரிம்மா, சரிம்மா, நீ பாத்துப் போ" என்றேன்.

எது அந்த இன்னொன்று என்று நான் கேட்கவில்லை, அத்தான். அணை உடைந்தபோது பொறியாளரை வழிமறித்துக் கேட்டவன் நான். கழுத்தில் மாலையோடு நின்ற மேயரிடம் வாக்கு எண்ணிக்கை சரிதானா என்று கேட்டவன் நான். சொந்த அக்கா மகளிடம், என் வீட்டுப் படியில், "எதும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவையே இல்லை என்று நினைத்தேன். மூஞ்சூறு என்றால் எலி. எலி அழிகிறது என்று யாராவது கவலைப்பட்டுப் பார்த்திருக்கிறோமா? பறவை அழகாக இருந்தது, பாடியது. அரிதாக இருக்க அதற்குத்தான் எல்லாத் தகுதியும் இருந்தது. முடிந்தது என் விசாரணை.

இதிலும் வெட்கக்கேடானது ஒன்று உண்டு. அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்த எவனுக்கும் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் "எலி ஆராய்ச்சி". பெரியவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் "இவதான் எங்க எலி டாக்டர்" என்று அவளை அறிமுகம் செய்துவைத்தவனும் நானே. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் புழு டப்பா பறவைக்கு என்றாகிவிட்டது. அலாரம் வைத்துக்கொண்டு, தூங்குகிற பறவையையும் எழுப்பி எழுப்பி ஊட்டினேன். முதலில் அது என்னை ஒரு மாதிரி பார்த்தது. பிறகு சம்பந்தி வீட்டு உபசாரம் மாதிரி, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டது. பெட்டிக்குள் தினையைத் தூவினேன். தூவிய தினை தூவியபடியே கிடந்தது. "ரொம்பத்தான் ராங்கி" என்று மூஞ்சூறைத் திட்டினேன். அதன் வாடை பறவையின் தொண்டைக்கு ஆகாது என்று நானே ஒரு மருத்துவ முடிவுக்கு வந்து, பெட்டியைக் கொண்டுபோய் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பால்கனியில் வைத்தேன். மூடி திறக்காமல் இருக்க அவள் மேலே ஒரு செங்கல் வைத்திருந்தாள். காற்றில் கூண்டு ஆடக் கூடாதே என்று அந்தச் செங்கல்லை எடுத்துக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்தேன். இதை எழுதும்போது பேனா நகர மறுக்கிறது.

பறவை அரிது என்பதை உறுதி செய்துகொள்ளாமல் இருக்கவில்லை. ஒரு செய்திக்கு இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்பது என் தொழில் விதி. முதல் சாட்சி டெய்லர். "சார், நான் இந்தத் தெருவுல எவ்வளவு காலமா இருக்கேன், இந்த மாதிரி ஒரு பறவையைப் பாத்ததே இல்ல" என்றார். அவர் காலையிலிருந்து மாலைவரை தையல் மெஷினைவிட்டு நிமிர்வதே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது சாட்சி முதல் மாடி பாட்டு டீச்சர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது சாதாரணத் தொண்டை இல்ல. என்கிட்ட கத்துக்க வர்றவங்கள்ல ஒருத்தருக்குக்கூட இந்தச் சுத்தம் வராது" என்றார். போதுமே. மறுநாள் கட்டடமே மாறிவிட்டது. பறவை தூங்கும் நேரத்தில் டெய்லர் மெஷினை நிறுத்தினார். படியில் செருப்புச் சத்தம் இல்லை. வீட்டுக்காரர் விசாரிக்க வந்தார். பால்கனிப் பக்கம் எலி வாடை அடிக்கிறது என்று அவரிடம் புகார் சொன்னவனும் நான்தான். மூஞ்சூறு என்று சொன்னால் வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது என்பாரோ என்று பயந்து, பொதுவாக எலி என்றேன். "கவலைய விடுங்க, இன்னைக்கே பொறி வெச்சுடறேன்" என்று மாடிக்கு ஒன்றாகப் பொறி வைத்தார். கைகொடுத்து நன்றி சொன்னேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஓய்வு பெற்ற நிருபன் என்பவன் கூண்டில் இருக்கிற பறவையைவிட ஆபத்தானவன், அத்தான். என் பழைய பத்திரிகையின் செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டேன். "சார், நீங்க எழுதித் தந்தா அப்படியே போட்டுடறேன்" என்றார். "இரண்டாம் மாடியில் ஓர் அரிய பாடகி" என்று எழுதினேன். படம் எடுக்க ஆளும் வந்தார். பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது என்றார்கள். அந்த மிச்ச இடத்தில்தான் என் மானம் போயிற்று. என் வீட்டு விருந்தாளிகள் இருவரையும் ஒப்பிட்டு ஒரு கட்டம் கட்டிக் கொடுத்தேன். இடது பக்கம் பறவை, வலது பக்கம் மூஞ்சூறு. பறவைக்கு நேரே, "பாடும் பறவைகள் என்னும் சிறு கூட்டத்தைச் சேர்ந்தது. அழிவின் விளிம்பில் இருக்கிறது. உடனே காக்கப்பட வேண்டும்." மூஞ்சூறுக்கு நேரே, "எலிக் குடும்பம். எங்கும் உண்டு. தினை தின்னும். இது இல்லாமல் போனால் யாருக்கும் தெரியாது." கடைசி வரியை எழுதிவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன்.

காலையில் பத்திரிகை வந்தது. டெய்லர் அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். காபி ஆறுவதற்குள் தொலைபேசி மணி அடித்தது. சின்னவளின் பேராசிரியர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாடம் நடத்துகிற குரலில் பேசினார்.

"சார், கட்டம் பாத்தேன். முதல்ல, பாடகி இல்ல. உங்க வீட்டுல இருக்கற வகையில பாடறது ஆண்."

"அப்படியா" என்றேன்.

"சிறு கூட்டமும் இல்ல. உலகத்துல இருக்கற பறவை வகைகள்ல கிட்டத்தட்டப் பாதி அந்தக் கூட்டம்தான். காக்காகூடப் பாடும் பறவைதான், வகைப்பாட்டுல."

"காக்காவா?"

"தொண்டை அமைப்பை வெச்சுதான் சார் சேக்கறாங்க, குரலை வெச்சு இல்ல. உங்க படத்துல இருக்கறது கவலை குறைந்த இனம், அழியற பயமே இல்ல. ஜன்னலைத் திறந்து மின்கம்பியைப் பாருங்க, நாலஞ்சு உக்காந்திருக்கும்."

பார்த்தேன். உட்கார்ந்திருந்தன.

"அடுத்து, மூஞ்சூறு எலி இல்ல. எலி கொறிக்கற பிராணி, முன்பல் வளந்துகிட்டே இருக்கும். மூஞ்சூறுக்குப் பல்லெல்லாம் பூச்சியைக் கடிக்கறதுக்கு. முள்ளெலிதான் அதுக்குச் சொந்தம், பேர்ல எலி இருக்கே தவிர அதுவும் எலி இல்ல. சரியாச் சொல்லணும்னா, எலிக்கு மூஞ்சூறைவிட நீங்கதான் சார் கிட்டத்துச் சொந்தம்."

"நானா?"

"நீங்க, நான், உங்க ஆசிரியர், எல்லாரும். மூஞ்சூறு இன்னொரு கிளை. மாடு, நாய், வௌவால் பக்கம். பறவைக்கும் அதுக்கும் முதுகெலும்பு இருக்கு, ரெண்டுக்கும் ரத்தம் சூடு, அதோட உறவு முடிஞ்சுது. ஒண்ணு முட்டையிலேர்ந்து வருது, ஒண்ணு பால் குடிச்சு வளருது. சாதாரண மூஞ்சூறு நிறைய இருக்கு, நீங்க சொல்றது சரி. இது அது இல்ல. அந்த மலையை விட்டா வேற எங்கயும் கிடையாது. அழியும் ஆபத்துல இருக்கற இனம். வேகமா ஓடற உடம்பு, ஒருநாள் பூரா பட்டினி போட்டா தாங்காது. நீங்க தினைன்னு எழுதியிருக்கீங்க. அது எழுத்துப் பிழைதானே சார்?"

ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். மூடி ஒரு ஓரமாகத் தூக்கியிருந்தது. சருகைக் கிளறினேன். மண்ணைக் கொட்டினேன். தினை மட்டும் அப்படியே இருந்தது.

அதன் பிறகு நடந்ததைத் தேடல் என்று சொல்வதா, கூத்து என்று சொல்வதா தெரியவில்லை. முதலில் பொறிகள் ஞாபகம் வந்தன. நான் கேட்டு வாங்கிய பொறிகள். முழங்காலை மறந்து படிகளில் இறங்கினேன், பின்னாலேயே டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு. "எல்லாரும் எலியைப் பிடிக்கப் பொறி வெப்பாங்க, நாம பொறிகிட்டேர்ந்து எலியைப் பிடிக்க ஓடறோம்" என்றார். "எலி இல்லய்யா, எலி இல்ல!" என்று கத்தினேன். அந்த வார்த்தையை இவ்வளவு ஆத்திரமாக நான் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். பாட்டு டீச்சர் கதவைத் திறந்து, "எப்படிக் கூப்பிடணும், பேர் ஏதாவது இருக்கா? நான் வேணா பாடிப் பாக்கட்டுமா?" என்றார். பாடிப் பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் கடைசிப் பொறி விழுந்து மூடியிருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. எனக்குக் குனியத் தைரியம் வரவில்லை. டெய்லர்தான் குனிந்தார்.

"மூக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

"மொட்டையா இருக்கு சார்."

"பல்லு?"

"முன்னாடி ரெண்டு, உளி மாதிரி."

எலி. பெரிய, கொழுத்த, கவலைப்படத் தேவையே இல்லாத எலி. நெருங்கிய சொந்தம் என்று பேராசிரியர் சொன்னதாலோ என்னவோ, அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், அழாதீங்க, விட்டுடலாம்" என்று டெய்லர் அதைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவர் இப்போது எங்கள் இருவரோடும் பேசுவதில்லை.

பறவையின் கதையைத் தாங்கள் கேட்க வேண்டும். அது கவலை குறைந்த இனம் என்ற செய்தி கட்டடத்தில் பரவியதும் டெய்லர் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார். பாட்டு டீச்சர் வந்து நின்று மறுபடியும் கேட்டார். "இப்ப கவனிச்சுக் கேட்டா, கொஞ்சம் ஒரே மாதிரி இழுக்குது" என்றார். காகமும் அந்தக் கூட்டம்தான் என்று நான் சொன்னதில் அவருக்கு உள்ளூரக் கோபம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அந்தப் பாட்டில் ஒரு சுருதி குறைந்துபோனது போலத்தான் இருந்தது. அதே பறவை, அதே தொண்டை, அதே ஜன்னல். நேற்று இதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் இன்று கூண்டைத் தாண்டிப் போகும்போது துணியை இழுத்துவிட்டேன். ஓர் உயிரின் பாட்டு நமக்கு இனிப்பதும் கசப்பதும் யாரோ அச்சடித்துக் கொடுக்கும் ஒரு வரியில் இருக்கிறது என்றால், இத்தனை காலம் அந்த வரிகளை அச்சடித்துக் கொடுத்தவன் நான். இதை நினைத்து வெட்கப்படுகிறேன். பிறகு போய்த் துணியை விலக்கினேன். அது என்னைப் பார்த்தவுடன் புழுவுக்கு வாயைத் திறந்தது.

செய்தி ஆசிரியர் திருத்தம் போட வேண்டும் என்கிறார். "நீங்களே எழுதித் தந்துடுங்க சார், உங்க நடை தனி" என்கிறார். எழுதினேன். "நேற்றைய கட்டத்தில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் இருந்திருக்க வேண்டும். பாடகி என்பது பாடகன் என்றும், எலி என்பது எலி அல்ல என்றும் இருந்திருக்க வேண்டும். வருந்துகிறோம்." படித்துப் பார்த்தேன். "வருந்துகிறோம்" என்பது போதவில்லை. வேறு வார்த்தை அந்தத் தொழிலில் எனக்குக் கற்றுத்தரப்படவில்லை.

இனி நான் தங்களிடம் கேட்பது ஒன்றுதான். மலையிலிருந்து இறங்கியதும் நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருவதாகச் சின்னவள் சொல்லியிருந்தாள். தாங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். பிறகு பறவை நலம் என்று சொல்லுங்கள். பிறகு, மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று ஆரம்பியுங்கள். அவளுடைய பல வருட உழைப்பு என் பால்கனியிலிருந்து இறங்கிப் போய்விட்டது என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாங்கள் நிலைய அதிபராக இருந்தவர். ரயில் வராது என்பதை ஆயிரம் பேரிடம் அமைதியாகச் சொன்னவர். அந்தக் குரலில் சொல்லுங்கள். அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும். திட்டாமல் "பரவாயில்லப்பா" என்று சொன்னால், அதை மட்டும் எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

தங்கள் ஆசியும் அக்காவின் ஆசியும், விஷயம் தெரிந்த பிறகும், எனக்கு வேண்டும். பெரியவளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. வீட்டில் எல்லோரும் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிராமல்,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டினார்கள். சின்னவள்தான். அடிவாரத்தில் செல்போன் எடுத்ததும் பேராசிரியரின் செய்தி வந்ததாம், உங்கள் ஊர் பஸ்ஸை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டாள். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள். திட்டவில்லை. "மாமா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைத் தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அடுப்பு மேடைக்கு அடியில் டார்ச் அடித்தாள். அங்கே இருந்தது அத்தான், உயிரோடு, முழுசாக, ஒரு கரப்பானை மென்றுகொண்டு. பிடித்து எடை பார்த்தாள். கூடியிருக்கிறது. "லேப்ல ஒரே வகைப் புழுதான் போடறோம். உங்க மேடைக்கு அடியில கரப்பான், சிலந்தி, சுவர்க்கோழி, இன்னும் என்னென்னவோ இருக்கு மாமா. இந்த அளவுக்கு இது தேறி நான் பாத்ததே இல்ல" என்றாள். பாராட்டா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் மருந்து வாடை போகும்வரை அது இங்கேயே இருக்கட்டும், அதுவரை சமையலறையைப் பெருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அக்காவின் காதில் இது மட்டும் விழ வேண்டாம்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்படியே அனுப்புங்க, அப்பா சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "எலி டாக்டர்னு நீங்க சொன்னப்போ நான் சிரிக்கல மாமா" என்றாள்.

அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன். "இது ஏம்மா அந்த ஒரு மலையில மட்டும் இருக்கு?" என்று கேட்டேன். அவள் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி. டெய்லர் பையோடு வாசலில் நின்று கடிதத்தைக் கேட்கிறார். அவள் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை, அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.